காரணம் ஒன்று, பழி வேறு

1998-இல் ஜிடிபி என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் 4.17-ஆம் பதிப்பு வெளிவந்தது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நடுவில் நிறுத்தி, உள்ளே எந்த மாறியில் என்ன மதிப்பு இருக்கிறது என்று பார்க்க உதவும் கருவி அது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-இல் எழுதத் தொடங்கியது. டெர்மினலில் கட்டளைகளைத் தட்டச்சு செய்துதான் அதைப் பயன்படுத்த வேண்டும். அதன்மேல் படங்களும் பொத்தான்களும் கொண்ட ஒரு முகப்பை டிடிடி என்ற இன்னொரு மென்பொருள் தந்தது. 4.16 வரை ஒழுங்காக வேலை செய்த டிடிடி, 4.17 வந்ததும் ஒரு விஷயத்தில் தவறியது. ஆராயப்படும் நிரலுக்குத் தொடக்கத்தில் கொடுக்க வேண்டிய உள்ளீடுகளை அதனால் கொண்டு சேர்க்க முடியவில்லை. டிடிடியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறியது ஜிடிபிதான், அதில் மாறியிருந்தவை சுமார் 1,78,000 வரிகள்.

டிடிடியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெர்மானியக் கணினி அறிஞர் ஆந்த்ரேயாஸ் ட்செல்லர் அத்தனை வரிகளையும் கண்ணால் படிக்கப் புகவில்லை. அந்த வேலையைச் செய்ய ஒரு நிரல் எழுதினார். மாற்றங்களில் பாதியை மட்டும் பழைய பதிப்பில் சேர்த்துச் சோதிப்பது, கோளாறு வந்தால் அந்தப் பாதியை மேலும் பாதியாக்குவது, வராவிட்டால் மறுபாதியைச் சோதிப்பது என்று மனிதர் கைவைக்காமலே அது தேடிக்கொண்டு போனது. டெல்டா டீபக்கிங் என்ற இந்த முறையை அவர் 1999-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். சலித்துச் சலித்துக் கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு மாற்றம். ஜிடிபியின் உதவிக் குறிப்பு ஒன்றில் ‘ஆர்கியுமென்ட்ஸ்’ என்று இருந்ததை ‘ஆர்கியுமென்ட் லிஸ்ட்’ என்று திருத்தியிருந்தார்கள். மனிதர்கள் படிப்பதற்காக எழுதப்பட்ட வாக்கியம் அது. டிடிடியோ அந்த வாக்கியத்தைப் படித்துத்தான் தனக்கு வேண்டிய தகவலைப் பிரித்து எடுத்துவந்தது. சொல் மாறியதும் அதற்கு வழி தெரியாமல் போயிற்று.

டிடிடி கெட்டதற்குக் காரணம் எது?

வாக்கியத்தைத் திருத்தியவர் என்று சொல்லலாம். அவர் திருத்தாமல் விட்டிருந்தால் எதுவும் கெட்டிருக்காது. ஆனால் உதவிக் குறிப்பைச் செம்மையாக்குவது குற்றமா? மனிதர்களுக்கான வாக்கியத்தை இயந்திரத்துக்கான தகவலாக நம்பிய டிடிடிதான் காரணம் என்று இன்னொருவர் சொல்லலாம். அந்த நம்பிக்கை அதுவரை யாருக்கும் தீங்கு செய்யாமல்தான் இருந்தது. வேறு வழி தராத ஜிடிபியின் அமைப்பே காரணம் என்று மூன்றாமவர் வாதிடலாம். முகப்பு மென்பொருள்கள் பெரும்பாலும் மனிதர் பார்க்கும் வெளியீட்டையே படித்துப் புரிந்துகொள்ள வேண்டியிருந்த காலம் அது. பிற்பாடு மற்ற நிரல்கள் பேசுவதற்கென்றே ஜிடிபிக்குத் தனி இடைமுகம் ஒன்று எழுதப்பட்டதைப் பார்த்தால், மூன்றாமவர் கட்சிக்கும் வலு உண்டு. மூன்றுமே உண்மை. ட்செல்லரின் நிரல் இவற்றில் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. இந்த மாற்றம் இருந்தால் கோளாறு உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று மட்டும் சொல்லி நின்றுவிட்டது.

அந்த நிரல் நின்ற இடம் தத்துவத்தில் மிகப் பழைய இடம். ஒரு காரியத்துக்குக் காரணம் என்று ஒன்றைச் சுட்ட முடியுமா என்ற கேள்வியைச் சைவ சித்தாந்தம் மூன்றாகப் பிரித்துக்கொண்டது. குடத்துக்கு மண் முதற்காரணம். தண்டும் சக்கரமும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். உலகத் தோற்றத்தை விளக்க இதே வரிசையில் மாயை, சத்தி, இறைவன் என்று வைத்தார்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் குடம் இல்லை. ஆனாலும் மூன்றும் ஒரே வகையில் காரணம் ஆவதில்லை. பௌத்தம் வேறு பக்கமாகப் போயிற்று. மணிமேகலையில் அறவண அடிகள் உபதேசிக்கும் பன்னிரு நிதானங்களில் தனித்து நிற்கும் முதல் காரணம் கிடையாது. ஒவ்வொன்றும் இன்னொன்றைச் சார்ந்து தோன்றுகிறது. சார்பு அறுந்தால் தோன்றியதும் அறும்.

ஐரோப்பாவில் டேவிட் ஹியூம் 1748-இல் எழுதிய நூலில், முதல் பொருள் இல்லாதிருந்தால் இரண்டாவதும் இருந்திராது என்ற கோணத்திலிருந்தும் காரணத்தைப் பார்த்தார். 1843-இல் ஜான் ஸ்டூவர்ட் மில் அதைச் சோதனை முறையாக்கினார்: எல்லா வகையிலும் ஒத்து, ஒன்றில் மட்டும் வேறுபடும் இரு நிலைகளை எடுத்துக்கொள், ஒன்றில் விளைவு வந்து மற்றதில் வராவிட்டால், வேறுபட்ட அந்த ஒன்றில்தான் காரணம் இருக்கிறது. 1973-இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் டேவிட் லூயிஸ் ‘அது நடக்காமல் இருந்திருந்தால்’ என்ற நிபந்தனையையே காரணத்தின் இலக்கணமாக்கினார். நடந்துவிட்ட வாழ்க்கையில் இந்தச் சோதனையைச் செய்து பார்க்க வழியில்லை. நேற்றைய மழை பெய்யாமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று ஊகிக்கலாமே தவிர, நேற்றைத் திரும்ப ஓட்ட முடியாது.

நிரலில் முடியும். அதனால்தான் பிழை தேடும் சின்னக் கருவிகள் தத்துவம் பேசுகிறவர்களுக்கும் முக்கியமானவை. ‘காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது’ என்று சந்தேகப்பட்டால், காக்கையை எழுப்பிவிட்டு அதே நொடியை மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். பெல் ஆய்வகத்தில் டக் மக்கில்ராயும் ஜேம்ஸ் ஹன்ட்டும் 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கி, 1974-இல் யூனிக்ஸில் சேர்ந்த ‘டிஃப்’ கட்டளை செய்வது ஒன்றே ஒன்று: இரண்டு கோப்புகளை வைத்து எந்தெந்த வரிகள் மாறியிருக்கின்றன என்று சொல்வது. மில் கேட்ட ‘வேறுபட்ட அந்த ஒன்று’ எது என்பதற்கு அது பட்டியல் தருகிறது. பட்டியலில் எது உண்மையில் விளைவைக் கொண்டுவந்தது என்று அது சொல்வதில்லை. அதைச் செய்ய இன்னொரு கருவி வேண்டும்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் தொடங்கிய கிட் என்ற மென்பொருளில் ‘பைசெக்ட்’ என்று ஒரு கட்டளை உண்டு. ஒரு நிரலின் வரலாறு முழுவதும், யார் எப்போது எதை மாற்றினார் என்ற குறிப்போடு, கமிட்டுகளாகக் கிட்டில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். நிரலாளர் டெர்மினலில் பைசெக்டைத் தொடங்கி, இன்றைய பதிப்பு ‘பேட்’ என்றும் ஆறு மாதத்துக்கு முந்தைய ஒன்று ‘குட்’ என்றும் அறிவிக்கிறார். கருவி இரண்டுக்கும் நடுவில் உள்ள பதிப்பை எடுத்து முன்வைக்கிறது. அதை ஓட்டிப் பார்த்து அவர் ‘குட்’ அல்லது ‘பேட்’ என்று பதில் சொன்னதும் மிச்சம் பாதியாகிறது. நடுவே 1,024 கமிட்டுகள் இருந்தாலும் ஏறத்தாழ 10 கேள்விகளில் வேலை முடிந்துவிடும். பதில் சொல்லும் வேலையையும் ஒரு சின்ன நிரலிடம் ஒப்படைக்கலாம். அந்த நிரல் 0 என்ற எண்ணோடு முடிந்தால் நல்லது, 1 என்று முடிந்தால் கெட்டது. 125 என்று முடிந்தால் ‘இந்தப் பதிப்பைச் சோதிக்கவே முடியவில்லை’ என்று பொருள். கருவி அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பக்கத்தில் உள்ள ஒன்றை எடுத்துக்கொள்ளும். ஆம், இல்லை இரண்டுக்கும் வெளியே, தெரியவில்லை என்று சொல்வதற்கும் ஓர் எண்ணை ஒதுக்கி வைத்திருப்பது அறிவு நேர்மை. மனித விசாரணைகளில் அந்த மூன்றாவது பதிலுக்கு இவ்வளவு எளிதாக இடம் கிடைப்பதில்லை.

தேடல் முடிந்ததும் திரையில் ஒரு வரி வருகிறது: இன்ன கமிட்தான் முதல் கெட்ட கமிட். அதன் கீழே அதை எழுதியவரின் பெயரும் தேதியும்.

ஆபத்து தொடங்குவது அந்தப் பெயரில்தான். கருவி கண்டுபிடித்தது எல்லைக்கோடு ஒன்றை: கோட்டுக்கு இந்தப் பக்கம் கோளாறு இல்லை, அந்தப் பக்கம் இருக்கிறது. அந்தக் கோட்டின்மேல் ஒருவர் நின்றார் என்பதும் அவர் தவறு செய்தார் என்பதும் வேறு வேறு செய்திகள். கிட் பயன்படுத்தும் எல்லாருக்கும் பழக்கமான ஒரு நிலையை எடுத்துக்கொள்ளலாம். ஒரு நிரலாளர், தூரத்தை மீட்டரில் வாங்கிக்கொண்டிருந்த செயற்கூறு ஒன்றைக் கிலோமீட்டரில் வாங்கும்படி மாற்றுகிறார். அதை அழைக்கும் எல்லா இடங்களையும் பொறுப்பாகத் திருத்துகிறார். அதே வாரம் இன்னொருவர் தன் கிளையில் புதிதாக ஓர் இடத்தில் அந்தச் செயற்கூறை, பழைய முறைப்படி சரியாக, மீட்டரில் அழைக்கிறார். இரண்டு கிளைகளும் தனித்தனியே எல்லாச் சோதனைகளிலும் தேறுகின்றன. மூன்றாமவர் இரண்டையும் இணைக்கிறார். நிரல் கெடுகிறது. பைசெக்ட் சுட்டுவது இணைப்பு கமிட்டை. அதில் பெயர் இருப்பது ஒரு வரியும் எழுதாத மூன்றாமவருடையது. இங்கே கோளாறு எந்தக் கிளையிலும் இல்லை, இரண்டும் சேர்ந்த சேர்க்கையில் இருக்கிறது. தனித்தனியே தீங்கற்ற மாற்றங்கள் கூடும்போது தீங்காகும் நிலையை ட்செல்லரும் தன் முறையில் தனியாகக் கையாள வேண்டியிருந்தது. சார்பில் தோன்றுவது என்று பௌத்தர் சொன்னதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் கிடைப்பது அரிது.

கிட்டில் ‘பிளேம்’ என்றே ஒரு கட்டளையும் இருக்கிறது. கோப்பின் ஒவ்வொரு வரிக்கும் முன்னால், அதைக் கடைசியாகத் தொட்டவர் பெயரையும் நாளையும் அது அச்சிடும். கடைசியாகத் தொட்டவர் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஒருவர் கோப்பு முழுவதிலும் வரித் தொடக்க இடைவெளிகளை மட்டும் சீர்ப்படுத்தியிருந்தால், பத்தாண்டுப் பிழைகள் அத்தனைக்கும் அவர் பெயரே முன்னால் நிற்கும். இடைவெளி மாற்றங்களைக் கணக்கில் எடுக்காமல் பார்க்க ஒரு வழி முன்பே இருந்தது. குறிப்பிட்ட சில கமிட்டுகளை விட்டுவிட்டு அதற்கு முந்தையவரைக் காட்டச் சொல்லும் வசதி 2019-இல் சேர்ந்தது. கருவியை எழுதியவர்களே கருவியின் பதிலில் உள்ள அநீதியை உணர்ந்து திருத்தியிருக்கிறார்கள்.

இந்த அநீதியின் முழு உருவத்தைப் பார்க்க ஒரு தமிழ்ச் சொல் போதும். வேறெதுவும் சேர்க்காமல் ‘தமிழ்’ என்ற சொல்லை மட்டும் ஒரு கோப்பில் எழுதி, யூனிக்ஸின் முதல் பதிப்பிலிருந்தே, அதாவது 1971 முதல் இருந்துவரும் ‘டபிள்யூ-சி’ என்ற எண்ணும் கட்டளையிடம் கொடுத்தால், பைட்டுகள் 15 என்று சொல்லும். குறியீடுகளை எண்ணச் சொன்னால் 5 என்று சொல்லும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. இன்று பரவலாக வழங்கும் யுடிஎஃப்-8 முறையில் இவை ஒவ்வொன்றும் 3 பைட்டுகள். திண்ணைப் பள்ளியில் படித்த பிள்ளையைக் கேட்டால் த, மி, ழ் என்று மூன்றெழுத்து என்பாள். மூவரும் சரியாகத்தான் எண்ணுகிறார்கள்.

இப்போது ஒரு நிரல், பெயர் 10 பைட்டுகளைத் தாண்டினால் அதற்குமேல் வெட்டிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட். நீண்ட பெயர்கள் குறையுமே தவிர உடையாது. ‘தமி’ என்று எழுதினால் 9 பைட்டுகள், அதுவும் தப்பித்துவிடும். ‘தமிழ்’ என்று எழுதினால் பத்தாவது பைட்டில் வெட்டு விழுகிறது. அது ழகரத்தின் முதல் பைட். மிச்சம் இரண்டும் போய்விட, எந்த எழுத்துக்கும் சேராத ஒரு துண்டு மிஞ்சுகிறது. திரையில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி தோன்றுகிறது. டெல்டா டீபக்கிங்கிடம் இதைக் கொடுத்து, கோளாறு தரும் உள்ளீட்டுக்கும் தராத உள்ளீட்டுக்கும் உள்ள மிகச் சிறிய வேறுபாடு என்ன என்று கேட்டால், அது தயங்காமல் சொல்லும்: ழ.

பதில் சரி. ழ இருந்தால் கோளாறு, இல்லாவிட்டால் இல்லை. ஆனால் ழகரத்தின்மேல் யார் பழி சுமத்துவார்? கணினியில் தமிழ் எழுதியவர்கள் நெடுங்காலம் கேட்டுக்கேட்டுச் சலித்த பதில் இதுதான்: ஆங்கிலத்தில் போட்டால் ஒழுங்காகத்தானே வருகிறது, தமிழில் போடுவதால்தான் பிரச்சினை. அந்தப் பதிலைச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. வேறுபாடு எதுவோ அதையே குற்றமாகப் படித்தார்கள். இயல்பு என்று எதை முன்கூட்டியே வைத்துக்கொள்கிறோமோ, அதிலிருந்து விலகுவது காரணமாகத் தெரிகிறது. ஓர் எழுத்து ஒரு பைட் என்று எழுதாமலே எழுதப்பட்ட அனுமானம் எல்லா ஓட்டங்களிலும் பொதுவாக இருப்பதால், வேறுபாட்டைத் தேடும் எந்தக் கருவியின் கண்ணுக்கும் அது படாது. மில்லின் முறைக்கே உள்ள எல்லை இது: இரு நிலைகளுக்கும் பொதுவானதைப் பற்றி அது பேசாது. சமூகத்திலும் பல பழிகள் இப்படித்தான் விழுகின்றன. புதிதாக வந்தவர்மேல், எண்ணிக்கையில் குறைந்தவர்மேல், கேள்வி கேட்டவர்மேல் விழுகின்றன. அவர்கள் வருவதற்கு முன் எல்லாம் சரியாக இருந்தது என்பது சாட்சியாக வைக்கப்படுகிறது.

ட்செல்லரும் ரால்ஃப் ஹில்டெப்ராண்ட்டும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் மொசில்லா உலாவி ஒன்று இப்படித்தான் சோதனைக்கு வந்தது. பயனர் 95 செயல்களைச் செய்தபின் அது செயலிழந்தது. கருவி அந்த 95-ஐ 3 ஆகக் குறைத்தது. 896 வரிகள் கொண்ட இணையப் பக்கத்தை ஒரே வரியாகக் குறைத்தது. அந்த ஒற்றை வரியிலும் குற்றமில்லை. உலாவியில் பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடத் தொடங்குவதற்கான இடம் அது.

தேடிக்கொண்டு எவ்வளவு தூரம் பின்னால் போவது? மொசில்லாவிலேயே உருவான ‘ஆர்ஆர்’ என்ற கருவி, நிரலின் ஓட்டத்தை முழுமையாகப் பதிவு செய்து பின்னோக்கி ஓட்டும். தவறான மதிப்பு இருக்கும் நினைவக இடத்தைச் சுட்டி, பின்னால் போ என்று கட்டளையிட்டால், அந்த மதிப்பை அங்கே எழுதிய கட்டளையில் வந்து அது நிற்கும். அதற்கு அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது என்று மேலும் பின்னால் போகலாம். காரியம் காரணத்தில் ஏற்கெனவே அடங்கி இருக்கிறது என்ற சற்காரிய வாதத்தைப் படிப்படியாகக் கண்முன் காட்டும் கருவி என்று இதைச் சொல்லலாம். ஆனால் சங்கிலியில் எந்தக் கண்ணியில் நிறுத்தி ‘இதுதான் காரணம்’ என்பது என்று ஆர்ஆர் சொல்லாது. நிறுத்துவது மனிதர். எங்கே திருத்த முடியுமோ அங்கே நிறுத்துகிறார். சில வேளை, யார்மேல் சொன்னால் தனக்குச் சங்கடம் வராதோ அங்கே நிறுத்துகிறார்.

அப்படி முன்கூட்டியே நிறுத்தினால் உயிர் போகலாம். கனடாவில் தயாரான தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் 1985-க்கும் 1987-க்கும் இடையில் அறியப்பட்ட ஆறு நிகழ்வுகளில் நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது. குறைந்தது மூவர் இறந்தார்கள். அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு மருத்துவமனையில், இயந்திரத்தை இயக்கியவர் தட்டச்சில் நேர்ந்த பிழையை மிக வேகமாகத் திருத்தினால் கோளாறு வருகிறது என்று அங்கிருந்த இயற்பியலாளர் அவரோடு உட்கார்ந்து திரும்பத் திரும்பச் செய்து பார்த்துக் கண்டுபிடித்தார். வேகமாகத் தட்டச்சு செய்தவரா காரணம்? மென்பொருள் பிழையா? அதே பிழை முந்தைய மாடலான தெராக்-20-லும் இருந்தது. அங்கே வன்பொருளில் தனிப் பாதுகாப்புப் பூட்டுகள் இருந்ததால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. புதிய மாடலில் மென்பொருளை நம்பி அந்தப் பூட்டுகளை எடுத்துவிட்டார்கள். 1993-இல் இந்த விபத்துகளை விரிவாக ஆராய்ந்து எழுதிய நான்சி லெவ்சனும் கிளார்க் டர்னரும், ஒரு மென்பொருள் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியதும் விபத்தின் காரணம் தீர்ந்துவிட்டதாக நினைப்பதே ஆபத்து என்று எடுத்துக்காட்டினார்கள். ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்ட பிறகும், வேறொரு பிழையால் இன்னொரு நோயாளி பாதிக்கப்பட்டார்.

இதைக் கேட்டதும் நியாயமான எதிர்ப்பு ஒன்று எழும். காரணம் எங்கும் பரவிக் கிடக்கிறது என்றால் யாருமே பொறுப்பில்லையா? அயோக்கியனும் ‘நான் ஒரு துணைக்காரணம் மட்டுமே’ என்று சொல்லித் தப்பிவிடலாமே?

2024 மார்ச்சில் நடந்தது இதற்குப் பதில் தருகிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர் ஆந்த்ரேஸ் ஃபிராய்ண்ட் தன் கணினியில் வேக அளவீடு செய்துகொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவை வழக்கத்தைவிட அதிகம் உழைப்பதைக் கவனித்தார். உள்நுழைய ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக ஆனது. எந்த வேலையில் எவ்வளவு நேரம் செலவாகிறது என்று அளக்கும் ‘பெர்ஃப்’ கருவியை ஓட்டினார். நேரம் எக்ஸ்-இசட் என்ற சுருக்க மென்பொருளின் நூலகத்துக்குள், பெயர் சொல்ல முடியாத ஓர் இடத்தில் போய்க்கொண்டிருந்தது. சில வாரங்களுக்கு முன் ‘வால்கிரைண்ட்’ என்ற நினைவகச் சோதனைக் கருவி எழுப்பிய புரியாத புகார் ஒன்று அவருக்கு நினைவுக்கு வந்தது. இரண்டையும் சேர்த்துத் தொடர்ந்து போனவர், எக்ஸ்-இசட்டின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் வேண்டுமென்றே ஒளித்துவைத்த பின்வாசலைக் கண்டுபிடித்து மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். அதை நுழைத்தவர் ஜியா டான் என்ற பெயரில் நீண்ட காலம் நல்ல பங்களிப்பாளராக நடந்து நம்பிக்கை பெற்றவர்.

இங்கே நிமித்த காரணம் ஒளிவுமறைவில்லாமல் நிற்கிறது. கொடுமை செய்யும் எண்ணம் இருந்தது. பழியும் அங்கேதான் போக வேண்டும். எண்ணமே வினை என்று பௌத்தம் வைத்தது. எல்லாம் சார்பில் தோன்றுகின்றன என்று சொன்ன அதே மரபு, எண்ணத்தோடு செய்பவனை விடுவிக்கவில்லை. ஆனால் ஓப்பன் சோர்ஸ் உலகம் அந்தப் பெயரோடு நின்றுவிடவில்லை. உலகின் எண்ணற்ற சர்வர்கள் நம்பியிருந்த மென்பொருளை ஒருவர் ஏறக்குறையத் தனியாளாக, ஊதியமின்றிப் பராமரித்து வந்தது ஏன் என்றும், எஸ்எஸ்எச் சேவைக்குள் ஒரு சுருக்க நூலகம் ஏற்றப்பட்டது எப்படி என்றும், வெளியிட்ட தொகுப்பும் பொதுவில் இருந்த மூலமும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்க்காதது ஏன் என்றும் கேட்டது. பழி ஒருவருக்குப் போன பிறகும் மற்றக் காரணங்கள் அங்கேயே இருந்தன. அவற்றைச் சரி செய்யாவிட்டால் அடுத்த ஜியா டானுக்கு வாசல் திறந்தேதான் இருக்கும்.

ஆக, இரண்டு கேள்விகள் உண்டு. எதை மாற்றினால் இது மறுபடி நடக்காது என்பது ஒன்று. யார் எண்ணத்தோடு அல்லது அலட்சியத்தோடு நடந்துகொண்டார் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு டெர்மினலில் கிடைக்கும் சின்னக் கருவிகள் மலிவாக, யார் முன்னாலும் திரும்பச் செய்து காட்டும்படி பதில் தருகின்றன. இரண்டாவதைக் கேட்க அவற்றுக்கு உரிமை இல்லை. மனிதர்கள் தங்கள் விசாரணைகளில் முதல் கேள்வியின் பதிலை எடுத்து இரண்டாவதன் இடத்தில் பொருத்திவிடுகிறார்கள். கோளாறு நடந்தபின் எழுதும் அறிக்கையில் ஆள்மேல் பழி சுமத்தக்கூடாது என்று மென்பொருள் பொறியாளர் ஜான் ஆல்ஸ்பா 2012-இல் வற்புறுத்தியதும், கூகுளின் பொறியாளர்கள் 2016-இல் வெளிவந்த தங்கள் நூலில் அதை நடைமுறையாக விவரித்ததும் இதனால்தான். பயந்தவர்கள் நடந்ததை மறைப்பார்கள். மறைத்தால் முதல் கேள்விக்கும் பதில் கிடைக்காது.

லினக்ஸ் கருநிரலில் இதற்கு ஒரு நல்ல வழக்கம் உருவாகியிருக்கிறது. பிழை ஒன்றைத் திருத்துபவர் தன் கமிட்டின் அடியில் இரண்டு குறிப்புகளைச் சேர்ப்பது உண்டு. எந்தப் பழைய மாற்றத்தில் பிழை நுழைந்தது என்பதற்கு அந்தக் கமிட்டின் குறியெண்ணையும் தலைப்பையும் தருவார். எழுதியவர் பெயரை அங்கே போடுவதில்லை. பிழையைக் கண்டு சொன்னவரைப் பற்றிய குறிப்பில் மட்டும் ஆளின் பெயர் வரும். குற்றம் மாற்றத்துக்கும் நன்றி மனிதருக்கும் போகிறது.

பழி இல்லாத இடத்திலும் பொறுப்பு ஏற்க முடியும் என்பதற்கு ‘ஆக்’ கட்டளை சாட்சி. ஆல்ஃபிரட் ஏஹோ, பீட்டர் வைன்பர்கர், பிரையன் கெர்னிகன் மூவரும் 1977-இல் எழுதிய, தரவுகளை வரி வரியாக ஆராயும் கருவி அது. ஓர் எழுத்து ஒரு பைட் என்ற அனுமானம் அதிலும் இருந்தது. அன்று யூனிகோட் இல்லை. தமிழையும் உள்ளடக்கிய அதன் முதல் பதிப்பு 1991-இல்தான் வந்தது, யுடிஎஃப்-8 அதற்கும் அடுத்த ஆண்டு. 1977-இல் எழுதியவர்கள்மேல் எந்த நியாயத்தாலும் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் 2022-இல், தன் 80-ஆவது வயதில், கெர்னிகன் அந்த நிரலைத் திறந்து யுடிஎஃப்-8 படிக்கக் கற்றுக்கொடுத்தார். முன்பு ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தை 15 என்று சொன்ன அசல் ஆக், இப்போது 5 என்கிறது. மூன்றெழுத்து என்று சொல்லும் அளவுக்கு அது இன்னும் வரவில்லை. நிரல் எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. அந்த வேலையை எடுத்துச் செய்யப்போகிறவர் 1977-இல் பிறந்தே இராதவராகவும் இருக்கலாம்.